உழைப்பைக் கல்வியாக்கிய பேராசான் டாக்டர் ஜாகிர் ஹுசைன்



ஆண்டறிக்கை மலரில் சமுதாயப் பெரியார் ஒருவரின் வாழ்வை நினைவுகூர்வது நன்மரபு. இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பவர் இந்தியத் திருநாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவராக விளங்கிய மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள். அப்பெயரை அறியாதார் நம்மில் இலர். எனினும் அவரைக் குடியரசுத் தலைவராக அறிந்திருக்கும் அளவுக்கு ஓர் ஆசிரியராக நாம் அறிந்திருக்கவில்லை. அன்னார் குடியரசுத் தலைவர் மாளிகையில் வாழ்ந்தது இரண்டாண்டுகளுக்கும் குறைவான காலமே. ஓர் ஏழைப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றப் பாடுபட்டதோ இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றியே இக்கட்டுரை பெரிதும் பேசுகிறது.

அதற்குக் காரணம் உண்டு. நம் கோவில்பதாகையைச் சுற்றிலும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. ஒரு பக்கம் 1961ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1965இல் முதல் விஜயந்தா பீரங்கி வண்டியை உருவாக்கி அளித்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. மறுபக்கம் 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. இவ்வளவு வேலைகளுக்கு நடுவே வாழ்ந்தும், கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு வேலையின்றித் திரியும் இளைஞர்களை நாம் காண்கிறோம். பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, எத்தொழிலையும் முறையாகக் கற்காமல், கிடைத்த நாட்கூலிக்குச் செல்வோரையும் காண்கிறோம். படிப்பு ஒரு புறமும் பிழைப்பு மறு புறமுமாகப் பிரிந்து கிடக்கும் இந்த இடைவெளியைத் தம் வாழ்நாள் முழுவதும் சிந்தித்தவர் ஜாகிர் ஹுசைன் அவர்கள்.

பிறப்பும் இளமையும்

அன்னார் 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் ஹைதராபாத்தில் புகழ் பெற்ற வழக்கறிஞராக விளங்கினார். ஏழு ஆண்மக்களுள் மூன்றாமவர் ஜாகிர் ஹுசைன்.

செல்வமும் செழிப்புமாகத் தொடங்கிய வாழ்வு வெகுவிரைவில் மாறியது. பத்து வயதில், 1907இல், தந்தையை இழந்தார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. இட்டாவா நகரிலிருந்த இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வேளையில், 1911இல், ஊரில் பரவிய பிளேக் நோய் அன்னையையும் கொண்டுசென்றது. பதினான்கு வயதில் யத்தீமாக நின்ற அச்சிறுவருக்கு, பள்ளியின் தலைமையாசிரியர் சையித் அல்தாஃப் ஹுசைன் அவர்களின் ஒழுக்கமும் எளிமையும் வழிகாட்டிகளாக அமைந்தன. ஓர் ஆசிரியரின் பரிவு ஒரு யத்தீமின் வாழ்வை எவ்வளவு தூரம் உயர்த்த வல்லது என்பதை அவர் நூலில் படிக்கவில்லை. தம் வாழ்விலேயே கண்டார்.

பின்னர் அலிகரிலிருந்த முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். மருத்துவராக வேண்டும் என்ற விருப்பம் உடல்நலக் குறைவால் கைகூடாமற்போகவே, பொருளாதாரத்தைக் கற்றார்.

வெளியேறிய மாணவர்

1920ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தனர். ஆங்கில அரசின் உதவி பெறும் கல்வி நிறுவனங்களைத் துறக்க வேண்டும் என்பது அவர்களின் அழைப்பு. அப்போது ஜாகிர் ஹுசைன் முதுகலை மாணவர். அத்துடன் அக்கல்லூரியிலேயே பாடமும் நடத்தி வந்தார். அங்கேயே இருந்திருந்தால் வளமான பதவி காத்திருந்தது. அவரோ அதனைத் துறந்து வெளியேறினார்.

ஆனால் வெளியேறுவது மட்டும் போதாது, வெளியேறும் மாணவர்கள் கற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். டெல்லிக்குச் சென்று ஹக்கீம் அஜ்மல் கான், டாக்டர் அன்சாரி, மௌலானா முஹம்மது அலி ஆகியோரைச் சந்தித்து வலியுறுத்தியவர்களுள் அவரும் ஒருவர். அதன் பயனாக 1920 அக்டோபர் 29ஆம் நாள், ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் அவர்களின் திருக்கரத்தால், அலிகர் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா தொடங்கி வைக்கப்பெற்றது. தொடக்கத்தில் அதற்கென ஒரு கட்டடம்கூட இல்லை. கூடாரங்களில் வகுப்புகள் நடந்தன.

பெர்லினில் அச்சுக்கோத்த கைகள்

1922இல் உயர்கல்விக்காக ஜெர்மனி சென்ற ஜாகிர் ஹுசைன், ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய வேளாண்மையின் நிலையை ஆராய்ந்து 1926இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் அந்நாட்டில் அவர் பெற்ற மிகப் பெரும் பேறு அப்பட்டம் அன்று. தொழிலாளரின் கையையும் ஆசிரியரின் சொல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் பார்வையே ஆகும்.

மிர்ஸா காலிப் அவர்களின் கவிதைத் தொகுப்பைப் பெர்லினிலிருந்த காவியானி அச்சகத்தில் அழகுறப் பதிப்பிக்க அவர் விரும்பினார். உருது எழுத்துகளைக் கோக்கும் பணியாளர் போதிய அளவில் இல்லை. டாக்டர் பட்டத்துக்காகப் பயின்றுகொண்டிருந்த அம்மாணவர், அச்சுக்கோக்கும் வேலையைத் தாமே கற்றுக்கொண்டு, பல பக்கங்களைத் தம் கையாலேயே கோத்து முடித்தார். 1925இல் வெளிவந்த அப்பதிப்பு இன்றும் உருது அறிஞர்களால் போற்றப்படுகிறது. எழுத்தைக் கோக்கும் வேலையில் பொறுமை, அளவு, ஒழுங்கு, அழகுணர்ச்சி ஆகிய அனைத்தும் பயிற்சி பெறுகின்றன என்பதை அவர் அங்கே அனுபவத்தால் உணர்ந்தார்.

அந்நாளைய ஜெர்மனியின் கல்விச் சிந்தனையாளர்களுள் அவரை மிகவும் கவர்ந்தவர் கியோர்க் கெர்ஷன்ஸ்டைனர். மியூனிக் நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பை 1895 முதல் பல்லாண்டுகள் வகித்த அவர் ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்திருந்தார். தொடக்கப் பள்ளியுடன் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைகளில் தொழில் பழகச் சேரும் சிறுவர்களை, வாரந்தோறும் சில மணி நேரம் மீண்டும் பள்ளிக்கு வரவழைத்தார். தச்சுப் பழகுவோனுக்கு மரத்தைப் பற்றிய அறிவும் வரைபடமும் தச்சுக் கணக்கும். உலோக வேலை பழகுவோனுக்கு அதற்குரிய அறிவியல். எல்லார்க்கும் குடிமகனின் கடமைகள். பட்டறை முதலாளிகளும் தம்மிடம் தொழில் பழகும் சிறுவர்களை அப்பள்ளிக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். தொழிற்கூடத்தில் ஒரு பகுதி, வகுப்பறையில் ஒரு பகுதி என்று இன்றும் ஜெர்மனியில் நடைபெறும் தொழிற்பயிற்சி முறைக்கு அது முன்னோடியாக அமைந்தது. வேலைக்குச் சென்றுவிட்ட ஏழைச் சிறுவனுக்கும் கல்வியின் கதவு மூடப்படலாகாது என்ற அக்கருத்து ஜாகிர் ஹுசைன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

இந்நிலையில் தாயகத்திலிருந்து துயரச் செய்தி வந்தது. கிலாஃபத் இயக்கம் ஓய்ந்துவிட்டதால் நிதி வரவு நின்றுபோய், ஜாமிஆவையே மூடிவிடலாமா என்று தலைவர்கள் ஆலோசிக்கின்றனர் என்பதே அச்செய்தி. ஜாகிர் ஹுசைனும், உடன் பயின்ற ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகிய இருவரும், தாங்கள் திரும்பி வந்து தங்கள் வாழ்வையே அதற்கு அளிப்பதாகவும், அதுவரை மூட வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டனர். ஐரோப்பியப் பட்டம் பெற்றவர்களுக்கு அரசுப் பதவிகள் கதவைத் திறந்து வைத்திருந்த காலம் அது. மூவரும் சொன்ன சொல் தவறாமல் 1926இல் ஜாமிஆவுக்கே வந்து சேர்ந்தனர்.

வறுமையில் வளர்ந்த ஜாமிஆ

1925இல் அலிகரிலிருந்து டெல்லி கரோல்பாகிற்கு இடம் பெயர்ந்திருந்த ஜாமிஆவின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றபோது ஜாகிர் ஹுசைனுக்கு வயது இருபத்தொன்பது. துணைவேந்தர் என்ற பெயர்தான் பெரிது. கையில் இருந்தது கடன் மட்டுமே. தம் சொந்தப் பொருளையும் செல்வாக்கையும் கொண்டு ஜாமிஆவைத் தாங்கி வந்த ஹக்கீம் அஜ்மல் கான் 1927 டிசம்பரில் காலமானபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று.

அப்போது ஜாகிர் ஹுசைனும் அவருடைய தோழர்களும் 1928இல் ஒரு சங்கமாகக் கூடி உறுதிமொழி எடுத்தனர். மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபது ஆண்டுகள் ஜாமிஆவுக்கு உழைப்பது என்பதே அவ்வுறுதிமொழி. அந்த 150 ரூபாயும் உச்சவரம்புதான். உண்மையில் பெற்றது அதனினும் குறைவு. அதுவும் மாதக்கணக்கில் பாக்கி நின்றதுண்டு. துணைவேந்தரே ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார்.

பிஞ்சு உள்ளங்களிடம் அவர் கொண்டிருந்த ஈடுபாட்டுக்கு ஒரு நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ஜாமிஆவின் தொடக்கப் பள்ளியில் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் நோயுற்றிருந்த தம் சிறு மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி அவர் காதில் சொல்லப்பட்டது. குழந்தைகளின் மகிழ்ச்சி குலையக்கூடாது என்று, முகத்தில் எதையும் காட்டாமல் வழங்கி முடித்த பின்னரே அவர் வீடு சென்றார். மாணவர்கள் தூய்மையற்ற காலணியுடன் வருவதைத் திருத்த, சொல்லிப் பயனில்லை என்று கண்டபோது, துடைக்கும் தூரிகையும் மையுமாகப் பள்ளி வாயிலில் தாமே நின்றார் என்றும் சொல்வர். மறுநாள் முதல் யாருக்கும் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை.

ஆங்கில அரசின் அங்கீகாரத்தை ஜாமிஆ நாடவில்லை. ஆகவே அதன் பட்டம் அரசு வேலைக்கு உதவாது. இங்கே பயிலும் ஏழைப் பிள்ளை நாளை எவ்வாறு வாழ்வான் என்ற கேள்வி துணைவேந்தரின் முன் எந்நாளும் நின்றது. அவர் தந்த விடை, படிக்கும்போதே உழைக்கவும் பொறுப்பேற்கவும் பழக்குவது என்பதாகும். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளே ஒரு கடையையும் ஒரு சிறு வங்கியையும் நடத்தினர். பொருள் வாங்குவதும் விற்பதும் கணக்கு எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. கணக்குப் பாடம் அவர்களுக்குக் கரும்பலகையில் தொடங்கவில்லை. கடையின் கல்லாவில் தொடங்கியது. 1935 மார்ச் முதல் நாள் ஓக்லாவில் ஜாமிஆவின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, பெருந்தலைவர்கள் பலர் இருந்தும், கல்லை நாட்டும் பெருமை பள்ளியின் மிக இளைய மாணவனுக்கே அளிக்கப்பட்டது.

வார்தாவும் ஆதாரக் கல்வியும்

1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு ஒன்றைக் கூட்டினார். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி. அது தாய்மொழியில் அமைய வேண்டும். ஒரு கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்டு ஏனைய பாடங்கள் கற்பிக்கப்பட வேண்டும். மாணவர் செய்யும் பொருள்களின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்பவை அம்மாநாட்டின் கருத்துகள். இதற்கான பாடத்திட்டத்தை வகுக்க அமைந்த குழுவுக்கு ஜாகிர் ஹுசைன் தலைவரானார். அக்குழுவில் நம் தமிழர் இருவர் இடம்பெற்றிருந்தனர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. ஒருவர் தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, மற்றவர் குழுவின் அமைப்பாளராகப் பணியாற்றிய இலங்கைத் தமிழர் ஆரியநாயகம்.

1937 டிசம்பரில் குழு தன் அறிக்கையை அளித்தது. பள்ளி நடைபெறும் ஐந்தரை மணி நேரத்தில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது. நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற தொழில்கள் ஊருக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படலாம். பருத்தியைக் கையில் எடுக்கும் குழந்தை, அது விளையும் மண்ணைப் பற்றிக் கேட்கும்போது புவியியலும், நூலை அளக்கும்போது கணக்கும், நெசவாளர் வாழ்வை அறியும்போது வரலாறும் பிறக்கும் என்பது அதன் உட்பொருள். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் அத்திட்டத்தை ஏற்றது. அதனை நடைமுறைப்படுத்த அமைந்த ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்துக்கும் அவரே தலைவர். தமிழில் இது ஆதாரக் கல்வி எனப் பெயர் பெற்றது. முதியோர் பலர் ஆதாரப் பள்ளிகளை இன்றும் நினைவில் வைத்திருப்பர்.

இவ்விடத்தில் அன்னாரின் நேர்மையை நாம் கவனிக்க வேண்டும். காந்தியடிகளின் மீது பெருமதிப்புக் கொண்டிருந்தும், அவருடைய கருத்துகள் அனைத்தையும் அப்படியே தலையாட்டி ஏற்கவில்லை. பள்ளி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அளவு மீறி வலியுறுத்தினால், ஆசிரியர் மாணவனை வேலை வாங்கும் கங்காணியாக மாறிவிடுவார் என்றும், பொருளைப் பெருக்கும் ஆசையில் கல்வி அழிந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். கைத்தொழில் கல்விக்காகவே அன்றிக் கல்வி வருவாய்க்காக அன்று என்பது அவர் நிலை. இந்த எச்சரிக்கை இன்று நமக்கும் தேவைப்படுகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

எதிர்ப்பும் தோல்வியும்

இத்திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதில் அவர் உள்ளத்தை மிகவும் வருத்தியது தம் சொந்தச் சமுதாயத்தின் எதிர்ப்பாகும். சமயக் கல்விக்கு இடமில்லை என்றும், முஸ்லிம்களின் பண்பாட்டுக்கு ஊறு நேரும் என்றும் முஸ்லிம் லீகினர் கண்டித்தனர். மத்திய மாகாணத்தில் கொண்டுவரப்பட்ட வித்யா மந்திர் என்ற பள்ளித் திட்டமும் இத்துடன் சேர்த்துப் பேசப்பட்டதால் கசப்பு வளர்ந்தது. காங்கிரஸ் சார்புடையவர் என்று தம் மக்களில் சிலராலும், முஸ்லிம் நிறுவனம் நடத்துபவர் என்று வேறு சிலராலும் அவர் ஐயத்துடன் பார்க்கப்பட்டார். இரு தரப்பாருக்கும் அவர் கூறிய மறுமொழி, நாள் தவறாமல் பள்ளிக்கூடம் நடத்தியதே.

நம் தமிழகத்தில் கைத்தொழில் கல்வி என்றவுடன் வேறு ஒரு நினைவும் எழும். 1953இல் இராஜாஜி அவர்கள் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. அது குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டு, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. ஜாகிர் ஹுசைன் குழுவின் திட்டம் அதனின்றும் வேறுபட்டது. தந்தையின் தொழிலை மகன் மீது சுமத்துவது அதன் நோக்கமன்று. செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே தறியின் முன் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆயினும் ஆதாரக் கல்வி நாட்டில் வேரூன்றவில்லை என்பது உண்மை. பயிற்சி பெற்ற ஆசிரியர் போதவில்லை. கருவிகளும் மூலப்பொருள்களும் காலத்தில் வரவில்லை. வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை வழக்கமான பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, ஆதாரப் பள்ளியை ஏழைகளுக்கென ஒதுக்கினர். அலுவலகங்களும் ஆலைகளும் சான்றிதழைக் கேட்டனவேயன்றிக் கைத்திறனைக் கேட்கவில்லை. ஆதாரக் கல்வி என்ற பெயரால் நடைபெறுவது போலியானது என்று பிற்காலத்தில் ஜாகிர் ஹுசைன் அவர்களே வெளிப்படையாக வருந்தினார். தாம் வகுத்த திட்டத்தின் தோல்வியைத் தாமே ஒப்புக்கொள்ளும் துணிவு தலைவர்களிடம் அரிதாகவே காணப்படுவது. கருத்து தவறு என்று அவர் கருதவில்லை; மனம் ஒன்றாமல் செய்யப்பட்டதே தவறு என்று கருதினார்.

பிரிவினைக் காலமும் பிற்கால உயர்வும்

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா நடைபெற்றது. நாடெங்கும் கலவரம் மூண்டிருந்த அந்நாளில், ஜவாஹர்லால் நேரு, மௌலானா ஆசாத், முஹம்மது அலி ஜின்னா, லியாகத் அலி கான் ஆகியோரை ஒரே மேடையில் அமரச் செய்து, பற்றியெரியும் தீயை அணைக்குமாறு அவர் மன்றாடினார். தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் காஷ்மீருக்குப் பயணம் மேற்கொண்ட அவரையே ஜலந்தர் ரயில் நிலையத்தில் வன்முறைக் கும்பல் சூழ்ந்தது. சீக்கியப் படை அதிகாரி ஒருவரும் இந்து ரயில்வே அதிகாரி ஒருவரும் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் அவரைக் காத்தனர். டெல்லி திரும்பிய அவர், பழிவாங்கும் பேச்சு எதுவும் பேசாமல், அகதிகளுக்கு உதவும் பணியில் ஈடுபட்டார்.

இதன்பின் பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1948 முதல் 1956 வரை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1957 முதல் 1962 வரை பீகார் ஆளுநர். 1962 முதல் 1967 வரை குடியரசுத் துணைத் தலைவர். நம் ஆவடி வழியே செல்லும் ரயில் பாதையிலுள்ள திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அப்போது குடியரசுத் தலைவர். இரண்டு ஆசிரியர்கள் நாட்டின் முதலிரு பதவிகளை அலங்கரித்த காலம் அது. 1963இல் பாரத ரத்னா விருது பெற்ற ஜாகிர் ஹுசைன், 1967 மே 13ஆம் நாள் குடியரசுத் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே. மாளிகைத் தோட்டத்தில் ரோஜாக்களை வளர்ப்பதில் அவருக்கிருந்த ஈடுபாடு பலரும் அறிந்தது.

1969 மே 3ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். தாம் வறுமையில் காத்து வளர்த்த ஜாமிஆவின் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே, 1970இல், நம் தமிழகத்தின் இளையான்குடியில் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது.

நாம் பெறும் படிப்பினை

அன்னல் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வரலாறு நமக்குத் தெரியும். வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் கொண்டுவரச் செய்து, அவற்றை ஏலமிட்டு, கிடைத்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றுக்கு உணவும் ஒன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவரும் பத்து திர்ஹம் ஈட்டி வந்தார். கருவி, பயிற்சிக் காலம், பின்னர் விசாரிப்பு ஆகிய மூன்றும் அந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளன. ஜாகிர் ஹுசைன் அவர்களின் கல்விப்பணியும் அச்சுன்னத்தின் ஒளியில் நடந்ததே ஆகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். இன்று தொழில் பழக வழிகள் பல உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழில் பழகும் இளைஞருக்கு நிறுவனம் உதவித்தொகை வழங்க வேண்டும். 2019இல் செய்யப்பட்ட விதித் திருத்தம், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் தொழிற்பழகுநரைச் சேர்ப்பதைக் கடமையாக்கியது. அம்பத்தூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆண்களுக்கும் மகளிருக்கும் தனித்தனியே உள்ளன. ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீசியன் போன்ற பிரிவுகளில் அங்கே சான்றிதழ் பெற்றோர், தொழிற்சாலைகளில் பழகுநராகச் சேர்ந்து தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழையும் பெறலாம். பொறியியல் பட்டமும் பட்டயமும் பெற்றோருக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இந்நோக்குடையதே. வழி இல்லாமல் நம் பிள்ளைகள் நிற்கவில்லை. வழியைச் சொல்வாரின்றியும், அதுவரை வீட்டுச் செலவுக்குத் துணையின்றியும் நிற்கின்றனர். பயிற்சிக் காலத்தின் உதவித்தொகை நாட்கூலியினும் குறைவாக இருப்பதால், குடும்பத்தின் நெருக்கடி அவர்களைப் பாதியிலேயே இழுத்துவிடுகிறது. அந்தச் சில மாதங்களைத் தாங்குவதற்கே ஜமாஅத்தின் கை நீள வேண்டும்.

அன்னாரின் எச்சரிக்கையையும் மறத்தலாகாது. பயிற்சி என்ற பெயரில் இளைஞனைக் கொண்டு பெருக்கவும் சுமக்கவும் செய்துவிட்டு, எதனையும் கற்பிக்காமல் அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. ஆகவே ஒரு பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும்போது நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். என்ன கற்பிப்பீர்கள்? யார் கற்பிப்பார்? எத்தனை மாதம்? உதவித்தொகை எவ்வளவு? முடிவில் என்ன சான்று? இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில் உள்ளது வேலை மட்டுமே, பயிற்சி அன்று. பட்டறையும் கடையும் நடத்தும் நம் ஜமாஅத்தார்களும் தங்களையே இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. தம்மிடம் வேலை பழகும் சிறுவனை மாலை வகுப்புக்கோ தேர்வுக்கோ அனுப்பி வைக்கும் முதலாளி, மியூனிக் நகரம் நூறாண்டுகளுக்கு முன் செய்ததையே இங்கே செய்தவராவார்.

பைத்துல்மாலில் சேரும் தொகையில் ஒரு பகுதி, இக்காலத்தின் கோடரிகளாகிய கருவிப் பெட்டிக்கும், தையல் இயந்திரத்துக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும், பயணச் செலவுக்கும் செல்லட்டும். ஓய்வு பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் தம் அனுபவத்தை வாரம் ஒரு மணி நேரம் இளைஞருக்கு அளிக்கட்டும். உதவி பெற்ற பிள்ளை என்ன ஆனான் என்று சில மாதம் கழித்து விசாரிக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். பெரும்பணம் வந்த பின்னரே தொடங்குவோம் என்று ஜாகிர் ஹுசைனும் தோழர்களும் காத்திருந்திருந்தால் ஜாமிஆ 1928இலேயே மறைந்திருக்கும். அவர்கள் கடனுடன் தொடங்கினர். 1962இல் அது பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. 1988இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

யத்தீமாக நின்ற ஒரு சிறுவரை ஓர் ஆசிரியர் ஆதரித்தார். அச்சிறுவர் வளர்ந்து ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். நம் தெருவில் இன்று வேலையின்றி நிற்கும் பிள்ளைக்குள் அல்லாஹ் எதனை வைத்திருக்கிறான் என்பதை நாம் அறியோம். அவனை ஆதரிப்பது நம் கடமை. பலனளிப்பது இறைவனின் நாட்டம்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக! நம் இளைஞர்களுக்கு ஹலாலான தொழிலையும் அதில் பரக்கத்தையும் வழங்குவானாக! ஆமீன்.